அம்மை வார்த்த மூன்று வாரம்

உப்பு சத்தியாக்கிரகம் நடந்ததே, அதற்கு முந்திய வருஷத்துக் கோடை. ஊர் ஆம்பூர். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி ஆறு வருஷம், இரண்டு பிள்ளைகள். என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம்பட்டைத் தொட்டியிலும் வேலை பார்த்தார்.

அந்த ஆறு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு பகல் பொழுதுக்குக் காணாது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பெரியவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் பேசினால் வெட்கம்கெட்டதுகள் என்று சொல்லும் காலம் அது. எங்கள் வீடோ ஒரே அறை, நடுவில் ஓர் ஓலைத் தட்டி, அந்தப் பக்கம் என் மாமியார். அவருக்குக் காது ரொம்பக் கூர்மை. ஆகவே பகலில் சோறு ஆயிற்றா, தண்ணீர் வை என்பதோடு சரி. இருட்டிவிட்டால் அதுவும் கிடையாது. பிறகு பிள்ளைகள் எப்படி வந்தன என்று கேட்காதீர்கள். அதற்குப் பேச்சு எதற்கு?

ஒன்று மட்டும் என் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் விளக்கை அணைத்த பிறகுதான் என் பக்கத்தில் வருவார். பகலில் எதிரில் பட்டால் ஒதுங்கிப் போய்விடுவார். எனக்கு எட்டு வயதில் அம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு. காரணம் அதுதான் என்று முதல் மாதமே நானாக முடிவு கட்டிவிட்டேன். இருட்டுக்கு நான் வேண்டும், வெளிச்சத்துக்கு வேண்டாம். வெளியில் சிரித்துக்கொண்டு நடமாடினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அவர் மேல் தீராத கோபம்.

அந்தச் சித்திரையில் அவருக்குப் பெரியம்மை வார்த்தது. பிள்ளைகளுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று மாமியார் அவர்களைக் கூட்டிக்கொண்டு குடியாத்தத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு முன்பே வந்து போனதால் திரும்ப வராது என்று என்னை வைத்துவிட்டுப் போனார். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. அக்கம்பக்கத்தார் உள்ளே வருவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். ஆனால் அம்மை கண்ட வீட்டில் புருஷன் பெண்டாட்டி தொட்டுப் புழங்கக் கூடாது. அவர் வாழையிலையில் கிடப்பார். நான் நாலு முழம் தள்ளி உட்கார்ந்து, அரிப்பெடுத்தால் வேப்பங்கொத்தால் வருடிவிடுவேன்.

ஐந்தாம் நாள் கண்ணிமை இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. பார்வையே போய்விடுமோ என்று பயந்துவிட்டார். நிமிஷத்துக்கு ஒரு தரம் நான் இருக்கிறேனா என்று கேட்பார். இருக்கிறேன், இருக்கிறேன் என்று சொல்லி வாய் வலித்ததால், செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். கேழ்வரகு கரைக்கிறேன், கோழி உள்ளே வந்துவிட்டது, துரத்துகிறேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அப்புறம் அவரே ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்கு வார்த்தப்போ பக்கத்துல யாரு இருந்தாங்க?"

என்னை இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. எனக்கும் என் தங்கைக்கும் ஒரே சமயத்தில் வந்தது, ஒரே பாயில் கிடந்தோம். ஒரு நாள் கண் விழித்தால் அவளைக் காணோம். கணியம்பாடியில் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். அதை நம்பி, எனக்குக் கொடுத்த இளநீரில் பாதியை அவளுக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டே இருந்தேன். இதைச் சொல்லி முடித்தபோது அவருடைய மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது. அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் பார்க்க மாட்டார் என்கிற தைரியத்தில் நானும் கேட்டுவிட்டேன்.

"என் மூஞ்சியப் பாக்கப் புடிக்காமத்தானே தெனம் வெளக்க அணைக்கிறீங்க?"

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"உன் மூஞ்சிக்கு இன்னா?" என்றார். "என் கைய நீ பாத்திருக்கியா? சுண்ணாம்புல வெந்து, பட்டைக் கறை ஏறி, நாத்தம் வேற. எத்தினி தேச்சாலும் போவ மாட்டேங்குது. வெளிச்சத்துல பாத்தா நீ கிட்ட சேப்பியா? அதான் அணைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகை. ஆறு வருஷமாகத் தினமும் பக்கத்தில் படுத்தும், நான் என் முகத்துக்காகவும் அவர் தன் கைக்காகவும் ஒருவருக்கொருவர் பயந்து ஒளிந்திருக்கிறோம். அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அதில் முத்து முத்தாக அம்மை.

அன்றிலிருந்து அந்த மூன்று வாரம் முடியும்வரை பேசித் தீர்த்தோம். அவருக்கு வண்டி மாடு ஓட்டத்தான் ஆசையாம், தோல் ஷாப் பிடிக்கவே பிடிக்காதாம். நான் காய்காரியிடம் வாயாடுவதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுச் சிரிப்பாராம்.

பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மை இறங்கி, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி, அவர் வேலைக்குப் போக ஆரம்பித்தார். மாமியாரும் பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். வந்ததும் பழைய கதைதான். அவர் வாயை மூடிக்கொண்டார், விளக்கும் அணைந்தது. இரண்டு நாள் பொறுத்தேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடி அந்த ஊமை வாழ்க்கைக்குப் போனால் நான் செத்தேன் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் மாலை. அவர் சாப்பிட உட்கார்ந்தார், மாமியார் அடுப்படியில் இருந்தார். நான் சோற்றை வைத்துவிட்டு நகராமல் அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு ஷாப்புல இன்னா நடந்துச்சு?" என்று உரக்கக் கேட்டேன்.

மாமியார் கையிலிருந்த ஊதுகுழலைக் கீழே போட்டார். பொம்பளைக்கு அடக்கம் கம்மியாகிவிட்டது, வாய் ஜாஸ்தியாகிவிட்டது என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் தட்டையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, புதுத் தழும்பு விழுந்த முகத்தோடு என்னை நேராகப் பார்த்து, மேஸ்திரி பட்டைத் தொட்டியில் வழுக்கி விழுந்த கதையை ஆரம்பித்தார். பாதியில் சோற்றைப் பிசைவதற்காக நிறுத்தினார்.

அடுப்படியிலிருந்து மாமியார் குரல் கேட்டது.

"அப்பால அந்த மேஸ்திரி இன்னா பண்ணான்?"

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பேச்சு நின்றதே இல்லை. இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பழக்கம் ஏற்பட்டது என்று நான் சொன்னால் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆறு வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் தெரியாத மனுஷரை நாலு முழம் தள்ளி உட்கார்ந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.