அப்பாவுக்கு வாசம் போன பிறகு

பூம்பாறையில் எங்கள் தோட்டம் சரிவில் படிப்படியாக இறங்கும். மேல்படிகளில் பூண்டு, கீழே கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. அப்பா, அம்மா, நான் மூவரும்தான் அதில் பாடுபடுகிறோம். சந்தைக்குப் போனது போக மிச்சம் இருப்பது எங்கள் அடுப்புக்கு. அன்று பறித்தது அன்றே குழம்பாகிவிடும்.

கொரோனா ஊருக்குள் வந்தபோது அப்பாவையும் பிடித்தது. காய்ச்சலில் சில நாள் கிடந்துவிட்டு எழுந்தார், மண்வெட்டியோடு தோட்டத்துக்கு வந்தார். தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். அம்மா பரிமாறிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். "நல்லாருக்கு" என்பார். முன்பெல்லாம் அப்படிச் சொல்கிற ஆளே இல்லை. குறை இருந்தால் மட்டும்தான் வாயைத் திறப்பார். காய்ச்சல் மனுசனைப் பக்குவமாக்கிவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

அந்த வருஷப் பூண்டை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டுக் காயவைத்தோம். அப்பாவே தனியாக மூட்டை கட்டினார். பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொடைக்கானல் கடைவீதிக்குக் கொண்டுபோனோம். வழக்கமாக எங்களிடம் வாங்கும் பாய் ஒரு மூட்டையைப் பிரித்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எனக்கே குமட்டியது.

"என்னண்ணே, உள்ளுக்குள்ள அழுகிக் கெடக்கு. இந்த நாத்தம் உங்களுக்கு அடிக்கலயா?"

அப்பா மூட்டைக்குள் முகத்தை விட்டு இழுத்து இழுத்து மோந்தார். நிமிர்ந்து, பாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.  பாய்க்குப் புரிந்திருக்க வேண்டும். "சரி விடுங்கண்ணே, நல்லதப் பொறுக்கி எடுத்துக்கிறேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நான்தான் நடந்ததைச் சொன்னேன். அம்மா முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"எப்பலேர்ந்து?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"காய்ச்சல் வந்ததுலேர்ந்து. வாசமும் இல்ல, ருசியும் இல்ல. வாயில மண்ணப் போட்டாலும் ஒண்ணுதான்."

"அப்ப தெனமும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னீங்களே?"

"நீ சோத்தப் போட்டுட்டு என் மூஞ்சியவே பாக்குற. வேற என்னத்தச் சொல்ல?"

அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை. மிச்சக் கோஸை நான் அரிந்தேன். ருசி போனதைவிட, இத்தனை மாதமும் தன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் அதைத் தனியாகத் தின்று தீர்த்திருக்கிறார் என்பதுதான் அவளைச் சுட்டது என்று நினைக்கிறேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம்; வாசமும் ருசியும் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். மறுநாள் அம்மா அப்பாவிடம் கேட்டாள்: "சூடு தெரியுதா? கடிச்சாத் தெரியுதா?"

"அது தெரியுது."

அன்றிலிருந்து எங்கள் சமையல் மாறியது. பீன்ஸ் முக்கால் வேக்காட்டில் இறங்கியது, பல்லில் நறுக்கென்று கடிபட. உருளைக்கிழங்கைத் தோலோடு தணலில் புதைத்தாள், தோல் மொறுமொறுப்பாகும்வரை. பரிமாறும்போது சொல்லிக்கொண்டே பரிமாறினாள். "இது பட்டாணிக் குழம்பு. பூண்ட நெய்யில வதக்கிப் போட்ருக்கேன். வாசம் தெருமுட்டும் போகுது." அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

தோட்டத்தில் அவருக்கு என் மூக்குதான். விதைப்பூண்டு பிரிக்கும்போது ஒவ்வொன்றாக என் முகத்தருகே நீட்டுவார். "சொல்லுத்தா." நல்லது என்றால் ஒரு கூடை, ஆகாது என்றால் இன்னொரு கூடை. ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. அந்த நம்பிக்கை எனக்குப் பயமாக இருந்தது. சளி பிடித்தால் விதைப்பூண்டுப் பக்கமே போகமாட்டேன்.

வருஷங்கள் போய்விட்டன, வாசம் வரவில்லை. ஒருமுறை களைச்செடிகளைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது சட்டென்று நிமிர்ந்து, "பொகை வாடை வருதுல்ல?" என்றார். நானும் அம்மாவும் வேலையை விட்டு நின்றோம். இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். 

போன மாதம் கேரட் பொரியலை வாயில் போட்டவர், "உப்புக் கம்மி" என்றார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் குறை அது.

அம்மா ஒரு துண்டை எடுத்துத் தின்று பார்த்தாள். நானும் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்து எதுவும் சொல்லாதே என்பதுபோல் தலையசைத்தாள்; உப்பு ஜாடியை எடுத்துவந்து, அவர் தட்டில் ஒரு சிட்டிகை தூவினாள்.

"இப்பப் பாருங்க."

"ம்" என்றார் அப்பா. தொடர்ந்து சாப்பிட்டார்.