சொந்தமாக எழுதுக

கிள்ளானில் நாங்கள் படித்த டியூஷன் வகுப்பில் ‘சொந்தமா எழுது’ என்றால் ஒரே அர்த்தம்தான். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்க்காமல் எழுத வேண்டும். மாதிரிக் கட்டுரையைச் சார் ஒரு வாரம் கொடுப்பார், அடுத்த வாரம் அதைச் சொந்தமாக எழுதிக் காட்ட வேண்டும். கமா ஒன்று விட்டுப்போனாலும் சிவப்பு மை விழும். பக்கத்து மேசையை எட்டிப் பார்த்து எழுதுகிறவன் திருடன். மனப்பாடம் செய்து எழுதுகிறவள் உழைப்பாளி. நான் உழைப்பாளி. என்னைப் போல் இன்னொருத்தியும் அங்கே இருந்தாள். காப்பாரிலிருந்து அவள் அண்ணனின் மோட்டார் சைக்கிளில் வருவாள். எங்கள் இருவரின் கட்டுரைகளையும்தான் சார் வகுப்பில் தூக்கிக் காட்டுவார்.

அந்த ஒரு சொல்லையும் அதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே அர்த்தத்தையும் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் பவுண்டேஷன் வகுப்பில் சேர்ந்தோம். அதில் தேறினால் பட்டப்படிப்பு. தேறாவிட்டால் என்ன என்பது அவள் வீட்டில் முன்கூட்டியே முடிவாகியிருந்தது. அவள் அம்மா பண்டமாரானில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி ஒட்டுகிற வேலையில் இருந்தார். “படிச்சா படி, இல்லாட்டி வந்து என் பக்கத்துல நில்லு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்” என்று சொல்லியிருந்தார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறைக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

கல்லூரியில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்க வந்த விரிவுரையாளர் ஆங்கிலம் மட்டுமே பேசுகிற, சோர்ந்த முகமுள்ள ஒரு பெண்மணி. பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கட்டம் போட்டார். முதலில் உன் வாதம், அதற்குக் காரணம், அதற்குச் சான்று. ஒரு பத்திக்கு ஒரு கருத்து. கருத்து உன்னுடையது இல்லையென்றால் யாருடையது என்று சொல்லிவிடு. பிறகு எல்லாவற்றையும் உன் சொந்தச் சொற்களில் எழுது. இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இதில் என்ன இருக்கிறது, நாலு வருஷமாக அதைத்தானே செய்கிறோம் என்ற பார்வை அது. பிறர் கருத்தை மாற்றி எழுதுவது எப்படி என்பதற்கு அவர் கொடுத்த விளக்கத்தைக்கூட ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ரயிலில் ஒப்பித்துப் பார்த்தோம். சந்தேகம் ஏதாவது உண்டா என்று அவர் ஒவ்வொரு வகுப்பிலும் கேட்பார். எங்களுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

முதல் பெரிய கட்டுரைக்கு வந்த தலைப்பு நகரத்து ஆறுகள் மாசுபடுவதற்கான காரணங்கள். அன்று ரயிலில் நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தோம். ‘இந்த உலகமயமான நவீன காலத்தில்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும், இதே தலைப்பில் சார் கொடுத்த மாதிரிக் கட்டுரை, பள்ளிக் கடைசி வகுப்பான படிவம் ஐந்திலிருந்தே இருவருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். அந்தக் கட்டுரை அச்சிட்ட சாரின் ஷீட் அலமாரியின் அடியில் எங்கேயோ கிடந்தது. நான் அதைத் தொடவே இல்லை. தொட்டால் அது ஏமாற்று என்று எனக்குத் தெரியும், அந்த அளவுக்கு நேர்மையானவள் நான். கடைசிப் பக்கத்தில் எந்தெந்த நூல்களைப் பார்த்தாய் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘எதுவும் இல்லை’ என்று எழுதினேன். எதையும் பார்க்கவில்லையே. அவளும் அப்படியே எழுதி அனுப்பினாள்.

மற்றவர்களுக்கு மதிப்பெண் வந்தது. எங்கள் இருவர் பெயருக்கும் நேராக ‘பரிசீலனையில்’ என்று மட்டும் இருந்தது. வகுப்பில் விரிவுரையாளரின் கண் எங்கள் வரிசைக்கு வந்ததும் சட்டென்று அடுத்த வரிசைக்குத் தாவியது. நன்றாக எழுதியிருப்பதால் வேறு யாரிடமோ காட்டுகிறார் போல என்று நான் அவளிடம் சொன்னேன். அவள் தன் பெயருக்கு நேராக இருந்ததை மறுபடி படித்தாள். அவளுக்கு என்னைவிடச் சீக்கிரம் மூக்கில் வாசம் பட்டுவிடும்.

மின்னஞ்சல் வந்தபோது நாங்கள் கே.எல். சென்ட்ரல் நடைமேடையில் நின்றிருந்தோம். கட்டுரையின் நேர்மை குறித்து விசாரணை, இருவரும் வர வேண்டும் என்று இருந்தது. கூடவே ஒரு அறிக்கை. எழுதியது வேறெங்காவது இருக்கிறதா என்று தேடுகிற மென்பொருள் போட்ட அறிக்கை அது. திறந்தால் என் கட்டுரை முழுக்க வண்ணம். சிவப்பு, ஊதா, பச்சை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஓர் இடம். ஷா ஆலமில் ஒரு மாணவர், சிரம்பானில் ஒருவர், போன வருஷம் இதே கல்லூரியில் இருந்த ஒருவர். எங்களுக்கு முன்னால் அந்த ஷீட் கையில் கிடைத்த எல்லாரும் அங்கே இருந்தார்கள். முன்பின் தெரியாத வீட்டுக் கொடியில் என் உடுப்பு காய்வதைப் பார்த்த மாதிரி இருந்தது.

“நானே எழுதுனதுன்னு மட்டும் சொல்லு” என்றாள் அவள், ரயில் வருகிற சத்தத்தில். “ரெண்டு பேரும் ஒரே டியூஷன், அதனால ஒரே மாதிரி வந்திருக்குன்னு சொல்லிடலாம். ஷீட்டைப் பத்தி வாயே தொறக்காதே.”

“நாமதான் ஷீட்டைப் பாக்கவே இல்லியே.”

“அதான் சொல்றேன், பேச்சே எடுக்காதே லா.”

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கூட்டம் எங்களை உள்ளே தள்ளிவிட்டது. ஆளுக்கொரு மூலையில் நின்று கிள்ளான் வரை வந்தோம்.

விசாரணையைப் பற்றி நான் வீட்டில் சொல்லவில்லை. அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். கல்லூரியில் என்ன நடக்கிறது என்று தினமும் கேட்பார். கட்டுரை எழுதக் கத்துக் குடுக்கறாங்க என்றேன். “அதான் நீ நல்லா எழுதுவியே” என்றார். தொலைபேசி சத்தம் போட்டால் திடுக்கென்றது, கதவு தட்டினால் திடுக்கென்றது. ஏதோ தவறுதலாக நடந்துவிட்டது, நேரில் போய் விளக்கினால் சரியாகிவிடும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆனால் உடம்பு அதை நம்பவில்லை.

விசாரணை அன்று காலை நல்ல மழை. ரயில் சென்ட்ரலுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. ஜன்னலுக்குக் கீழே கிள்ளான் ஆறு கரை தளும்பப் போய்க்கொண்டிருந்தது. பழுப்பாக, மரக்கிளையும் ஐஸ்பெட்டி மூடியுமாக. தினமும் இதே பாதையில்தான் வருகிறேன். ஆறுகளைப் பற்றி நாலு பக்கம் எழுதியவள், அந்த ஆற்றை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏனோ அது நல்ல சகுனமாகப் படவில்லை.

தொலைபேசிகளை விசாரணை அறைக்கு வெளியே ஒரு மேசையில் வைக்கச் சொன்னார்கள். ஆங்கில எழுத்து வரிசைப்படி கூப்பிட்டதால் நான் முதலில். உள்ளே மூன்று பேர். டாக்டர் பட்டம் பெற்ற துறைத் தலைவர், எங்கள் விரிவுரையாளர், குறிப்பெடுக்க ஓர் அலுவலர். துறைத் தலைவர் மெதுவாகத்தான் கேட்டார்.

“இது நீங்கள் சொந்தமாக எழுதியதா?”

“ஆமாம், டாக்டர்.”

“எதையும் பார்த்து எழுதவில்லை?”

“இல்லை, டாக்டர்.”

“அப்படியானால் இத்தனை பேருடைய கட்டுரையில் இதே வாக்கியங்கள் எப்படி இருக்கின்றன?”

இந்த இடத்தில்தான் நான் என் துருப்புச் சீட்டை எடுத்தேன். வேண்டுமானால் இப்போதே சொல்லிக் காட்டுகிறேன் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. டியூஷனில் செய்கிற மாதிரி எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். இந்த உலகமயமான நவீன காலத்தில். கமாவுக்குக் கமா நிறுத்தி, முற்றுப்புள்ளிக்கு மூச்சு விட்டு. அலுவலர் எழுதுவதை நிறுத்தினார். துறைத் தலைவர் அறிக்கையில் விரலை வைத்து என் குரலோடு கூடவே வந்தார். அந்த விரல் ஒரு வண்ணத்திலிருந்து அடுத்த வண்ணத்துக்குப் போனது, ஓரிடத்திலும் நிற்கவில்லை. இரண்டாம் பத்தியின் நடுவில் விரிவுரையாளரின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. விபத்தைப் பார்க்கிறவர்கள் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ பெரிய தப்பு நடக்கிறது என்று அப்போது தெரிந்தது. நிறுத்தினால் மறந்துவிட்டேன் என்று நினைப்பார்களே என்று பயந்து முடிவுரை வரை சொல்லி முடித்தேன்.

யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்கள். சொன்னேன். சொந்தமாக எழுதுவது என்றால் என்ன என்று விரிவுரையாளர் கேட்டார். பார்க்காமல் எழுதுவது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வெளியே இருக்கும் மாணவியும் அதே வகுப்பா, அவளிடமும் அந்த ஷீட் இருந்ததா என்று துறைத் தலைவர் கேட்டார். ஆமாம் என்றேன். உண்மை அதுதான். அதைச் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என்னைப் பக்கத்துக் கதவு வழியாக அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவள் எழுந்து, தலைமுடியைச் சரி செய்துகொண்டு, உள்ளே போவது தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காது. என் தொலைபேசி அந்த மேசையில் இருந்தது. கண்ணாடியைத் தட்டலாமா என்று கையைத் தூக்கினேன், அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

அவள் நடைமேடையில் சொன்னதையே அங்கேயும் சொன்னாள். நானே எழுதினேன். ஷீட் ஏதாவது இருந்ததா? இல்லை. மறுபடி யோசித்துச் சொல்லுங்கள் என்று அவகாசம் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றே சொல்லியிருக்கிறாள். திரும்பி வரும்போது ரயிலில் நான் உள்ளே செய்ததைச் சொன்னேன். அவள் “முழுசாவா சொன்ன?” என்று மட்டும் கேட்டாள். கிள்ளானில் இறங்கினதும் அண்ணன் மோட்டாரில் ஏறிப் போய்விட்டாள்.

முடிவு வந்தது. எனக்கு ஏமாற்றும் நோக்கம் இல்லை, கட்டுரைக்குச் சுழியம், எச்சரிக்கை, மறுபடி எழுதித் தர வேண்டும். அவளுக்கு விசாரணையில் பொய் சொன்னதாக எழுதி, பவுண்டேஷனிலிருந்து நீக்கம். மேல்முறையீடு செய்யலாம், கொடுத்த தேதிக்குள். அவள் தொலைபேசியில் அதை வாசித்துக் காட்டிவிட்டு, “பாக்காமதானே எழுதுனேன். எதுடி பொய்?” என்றாள். ஷீட் இல்லை என்றதுதான் பொய், அது அவளுக்கும் தெரியும். ஆனால் நானே எழுதினேன் என்றது பொய் இல்லை. எங்கள் பாஷையில் அது உண்மை. அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டார்கள், அவள் தமிழில் பதில் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்தில் உட்கார்ந்து எழுதினேன். அவளுக்காக, விரிவுரையாளருக்கு. இந்த மாணவி ஏமாற்ற நினைக்கவில்லை என்பது வாதம். ‘சொந்தமாக’ என்ற சொல்லுக்கு எங்கள் வகுப்பில் இருந்த அர்த்தம் காரணம். சார் சிவப்பு மையால் திருத்திய எங்கள் பழைய தாள்கள் சான்று, அவற்றைப் படமெடுத்துச் சேர்த்தேன். கட்டம் கட்டமாக, ஒரு பத்திக்கு ஒரு கருத்தாக. ஒரு வாக்கியமும் தானாக வரவில்லை, ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஆங்கிலம் நொண்டியது. ஆனால் அதில் ஒரு வரிகூட சாருடையது இல்லை. அனுப்பிவிட்டேன்.

பதில் அன்றைக்கே வந்தது. தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், வாதம் வலுவாக இருக்கிறது என்று விரிவுரையாளர் எழுதியிருந்தார். ஆனால் இன்னொருவர் எழுதுவதை ஏற்க முடியாது, மேல்முறையீட்டை அந்த மாணவிதான் எழுத வேண்டும். அவர் அப்படி எழுதினால் நானும் ஆதரிப்பேன் என்று முடித்திருந்தார்.

எனக்கு உயிர் வந்தது. உடனே அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நீ எழுது போதும், நடந்ததை நடந்தபடி எழுது, மிஸ் பார்த்துக்கொள்வார் என்றேன்.

“உக்காந்து பாத்துட்டேன்” என்றாள். “காலைலேருந்து உக்காந்திருக்கேன். சார் குடுத்ததுதான் வருது. வேற எதுவும் வரலடி.”

“உனக்கு எப்படி வருதோ அப்படி எழுது. தப்பா இருந்தாலும் பரவால்ல.”

“நாளைக்குக் கடைசி நாள். அம்மா கிடங்குக்கு வரச் சொல்லிட்டாங்க. இப்ப போயி நான் எங்க புதுசா கத்துக்கறது?” தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரலில் நம்பிக்கை வந்துவிட்டது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “நீ மிஸ்ஸுக்கு எழுதுனியே, அதை எனக்கு அனுப்பு. நல்லா இருக்குன்னு அவங்களே சொல்லிட்டாங்கல்ல. ராத்திரிக்குள்ள மனப்பாடம் பண்ணிடுவேன். காலைல சொந்தமா எழுதி அனுப்பிடறேன்.”