ஓரமாய் நின்ற பட்டதாரி

எந்தக் கதிரையில் உட்காரும் முன்னும் கிறேஸ் ரீச்சர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பார். கோயிலானாலும் சரி, கலியாண வீடானாலும் சரி, பஸ்ஸானாலும் சரி. சேலைத் தலைப்பை இடது கையால் இழுத்துப் பிடித்தபடி தோளுக்கு மேலால் கழுத்தைத் திருப்பி, பின்னால் இருப்பவரின் முகத்தை ஒரு கணம் பார்ப்பார். பிறகு கதிரையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்துவார். நகர்த்த முடியாத கதிரை என்றால் தன்னை நகர்த்துவார். பின்னால் ஒருவருமே இல்லாத கடைசி வரிசையிலும் இது நடக்கும். சுவரைத் திரும்பிப் பார்த்து, சுவருக்கும் வழிவிட்டு, அரைக் கதிரையில் அமர்ந்திருப்பார்.

தோட்டவெளியில் இதை ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை. ரீச்சர் அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். முதல் நாளே கண்டுகொண்டவன் படம் எடுக்கிற காமில். கண்டுகொள்வதுதான் அவனுக்குத் தொழில்.

மன்னார் பட்டினத்தில் காமிலின் ஸ்ரூடியோவுக்குப் பட்டம் எடுத்த பிள்ளைகள் தேடிப் போவதற்கு ஒரு காரணம் இருந்தது. மற்ற இடங்களில் நீலத் திரைக்கு முன்னால் நிறுத்தி, கையில் வெறுங்கடதாசிச் சுருளைக் கொடுத்து, தாடையை நிமிர்த்திவிட்டு எடுத்துத் தள்ளுவார்கள். காமில் அப்படிச் செய்யமாட்டான். முதலில் வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிப்பான். அதிகம் பேசமாட்டான்; கூச்சக்காரன். புதுக்கவிதைப் புத்தகம் ஒன்று எப்போதும் கமராப் பைக்குள் கிடக்கும். இரண்டொரு கேள்வி கேட்டுவிட்டு, பதிலைவிடப் பதில் சொல்கிறவரின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குப் பிறகுதான் எங்கே, எப்படி எடுப்பது என்று முடிவெடுப்பான். இலுப்பைக்கடவையில் விவசாயம் படித்த பெடியனை அங்கியோடு சேற்று வயலில் இறக்கி, செருப்பைக் கையில் பிடிக்கவைத்து எடுத்தான். சிரிக்கவே தெரியாத ஒருத்தியை அவள் வளர்த்த ஆட்டுக்குட்டியோடு எடுத்தான். குட்டி அங்கியைச் சப்பியது, அவள் சிரித்துவிட்டாள்.

காமிலைத் தேடி வந்தவர் ரீச்சரின் கணவர் சந்தியோகு. முன்பு மீனுக்கு ஐஸ் கொண்டுபோகும் லொறி ஓட்டியவர். வந்தவர் ஒரு படத்தை மேசையில் போட்டார்.

"தம்பி, இதைப் பாரும். பட்டமளிப்பு மேடையில எடுத்தது. இதில என்ர மனிசி எங்க?"

காமில் பார்த்தான். அங்கியும் மாலையும் அணிந்த ஒரு பெண்ணின் கொண்டை தெரிந்தது. முகம் தெரியவில்லை. பட்டத்தை வாங்குகிற அந்த நேரத்தில் அவர் பின்னால் திரும்பி, அடுத்ததாக வருகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னால வந்த பிள்ளையைத் தான் மறைக்கிறனோ எண்டு பாத்தவவாம்" என்றார் சந்தியோகு. "ஐஸ் லொறியில எத்தினை மீன் ஏத்தினனான். ஒண்டும் இவவைப்போல வழுக்கேல்லை."

பிறகு விஷயத்துக்கு வந்தார். வீட்டு ஹோலில் இரண்டு மகள்மாரின் பட்டப் படங்களும் தொங்குகின்றன. இரண்டுக்கும் நடுவில் அவரே ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறார். ரீச்சர் வெளிவாரிப் பட்டத்துக்கு முதலில் பதிந்தபோது மூத்தவள் கைக்குழந்தை. பிறகு யுத்தம், இடம்பெயர்வு, மடு அகதி முகாம், கூடாரம், திரும்பி வந்தது, சின்னவள் பிறந்தது. புத்தகங்கள் இரண்டுதரம் தொலைந்தன. முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டே, மகள்மார் இருவரும் படித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, மறுபடி பதிந்து இப்போதுதான் முடித்திருக்கிறார்.

"அந்த ஆணியில அவ தனிய நிக்கிற படம் வரோணும். பிள்ளையளோட இல்லை, என்னோட இல்லை. தனிய" என்றார் சந்தியோகு. "ஆனா அவ மாட்டனெண்டுறா. எல்லாரும் நிண்டால் நானும் ஒரு கரையில நிக்கிறன் எண்டுறா. ஞாயிறு சின்னவள் அங்கியைத் திருப்பிக் குடுக்க யாழ்ப்பாணம் போறாள். சனிக்கிழமைக்குள்ள நீர்தான் ஒரு வழி பண்ணோணும்."

வெள்ளி பின்னேரம் காமில் தேத்தண்ணிக்குப் போனான். ரீச்சர் அவனுக்குக் கதிரை போட்டுவிட்டு, தான் இருக்கும் முன் திரும்பிப் பார்த்தார். பின்னால் அலுமாரிதான் நின்றது. அலுமாரிக்கும் வழிவிட்டு அமர்ந்தார்.

"தம்பி, எனக்கேன் இந்தப் பகிடியெல்லாம்? அம்பது வயசில பட்டம் எடுத்த கிழவி நடுச்சுவரில தொங்கினால் வாறவை என்ன சொல்லுவினம்?"

"தொங்குறது நீங்கள் இல்லை அம்மா, படம்" என்றாள் சின்ன மகள் ஜெனிற்றா குசினிக்குள்ளிருந்து.

"உனக்கு வாய் கூடிப்போச்சு."

"உங்களுக்கு என்ன விருப்பம் ரீச்சர்?" என்று காமில் மெதுவாகக் கேட்டான்.

ரீச்சர் யோசித்தார். "ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லாமல் எடுக்கோணும்" என்றார்.

அதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. சந்தியோகு கடற்கரை நல்லது என்றார். ஜெனிற்றா புத்தகங்களுக்கு நடுவில் என்றாள். ரீச்சர் படித்த பாடங்களில் புவியியலும் ஒன்று என்பதால் உலகப்பந்து ஒன்றைக் கையில் கொடுக்கலாம் என்று காமிலுக்கே ஒரு நினைப்பு வந்தது; அது ரீச்சருக்குப் பொருந்தாது என்று உடனேயே தெரிந்தது. உலகம் மறைக்கிறது என்று அதையும் நகர்த்திவிடுவார்.

சனி காலை தாழ்வுபாட்டுக் கரைக்குப் போனார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று காலையிலேயே எழும்பிவிட்டது. அங்கி ரீச்சரின் தலைக்கு மேலால் புரண்டு முகத்தை மூடியது. அதை இழுத்துவிட்டு நிமிர்ந்தால், படகு தள்ளுகிறவர்களுக்குப் பாதையில் நிற்கிறேன் என்று நகர்ந்தார். நகர்ந்த இடத்தில் கருவாடு காய்ந்தது. அதற்கு வெயிலை மறைக்கிறேன் என்று அங்கிருந்தும் நகர்ந்தார். ஒரு மோட்டார்சைக்கிள்காரன் நின்று வாய் பார்த்தான். ரீச்சர் அவனுக்கும் விலகினார்.

"கிறேஸ், அவன் போறதுக்கு நிக்கேல்லை, உன்னைப் பாக்க நிக்கிறான்!" என்று கத்தினார் சந்தியோகு.

"அப்ப இன்னும் கூச்சம்" என்றார் ரீச்சர்.

எடுத்த படங்களை காமில் கமராவில் தட்டித் தட்டிப் பார்த்தான். எல்லாவற்றிலும் நடுவில் கடல் இருந்தது. ரீச்சர் ஓரத்தில் பாதியாக இருந்தார். சந்தியோகுவின் முகம் விழுந்துபோயிற்று. "விடும் தம்பி" என்றார். "ஆணியைப் புடுங்கிப் போடுறன்."

அதைக் கேட்டு ரீச்சர் கணவரைப் பார்த்தார். அங்கியைக் கழற்றப்போன கை நின்றது.

"முன்பள்ளிக்கு ஒருக்காப் போவமா ரீச்சர்?" என்று கேட்டான் காமில். ஏன் கேட்டான் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. அந்த மனிசி விலகாமல் நிற்கிற இடம் ஒன்று எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்.

சனிக்கிழமை என்பதால் முன்பள்ளி வெறுமையாகக் கிடந்தது. அரைச்சுவர் கட்டிய ஒற்றை அறை. முழங்கால் உயரக் கதிரைகள். சந்தியோகு அதில் ஒன்றில் உட்கார்ந்து எழும்ப முடியாமல் தவித்தார். ஜெனிற்றா கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். காமில் கமராவைப் பைக்குள் வைப்பதுபோல வைத்து, பிறகு சும்மா கேட்பதுபோலக் கேட்டான்:

"காலமையில பிள்ளையளுக்கு முதல் என்ன எழுதுவீங்கள் ரீச்சர்?"

"அண்டண்டைக் காலநிலையைத்தான்" என்றார் ரீச்சர். சோக்கட்டியை எடுத்தார். எடுத்ததும் வேறு ஆளானார். முதுகு நிமிர்ந்தது. பலகையில் பெரிய வட்டமான எழுத்தில் "இன்று கச்சான் காற்று" என்று எழுதினார். எழுதி முடித்ததும், தினமும் செய்வதுபோல ஓரடி பக்கமாக விலகினார். விலகிய உடனே தோளுக்கு மேலால் திரும்பி, வெறும் கதிரைகளைப் பார்த்து, "மறைக்குதோ?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் பிள்ளைகள் இல்லை என்பது நினைவுக்கு வந்து, சிரித்தார்.

கமரா எப்போது வெளியில் வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரே ஒரு படம். அதில் பலகை நடுவில் இருந்தது, ரீச்சர் ஓரத்தில் இருந்தார். ஆனால் பார்க்கிறவரின் கண் பலகையில் நிற்காது. திரும்பிய அந்தக் கழுத்துக்கும் சிரிப்புக்கும்தான் போகும். முகம் முழுதாக இருந்தது.

ஒரு குறை. அரைச்சுவருக்கு மேலால் ஒரு கழுதை தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மன்னார்க் கழுதைகளுக்கு எங்கே போவது, எங்கே போகக்கூடாது என்று ஒரு விவஸ்தையும் இல்லை.

"அது அப்பிடியே இருக்கட்டும்" என்றார் சந்தியோகு. "நானும் படத்தில நிண்டதாப் போகட்டும்."

"அப்பாவைவிட அதுக்கு முகவெட்டு நல்லாக்கிடக்கு" என்றாள் ஜெனிற்றா.

ஸ்ரூடியோவில் கம்பியூட்டருக்கு முன்னால் ரீச்சரும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, தனிய நிற்கிற படம்தானே கேட்டது என்று காமில் கழுதையை அழித்தான். மௌஸ் நாலைந்து தரம் அசைந்தது. காது போயிற்று, மூக்குப் போயிற்று, அந்த இடத்தில் வெள்ளைச் சுவரும் ஒரு துண்டு வேலியும் வந்தன. ரீச்சர் கதிரையிலிருந்து முன்னால் குனிந்தார்.

"தம்பி, கழுதைக்குப் பின்னால என்ன இருந்தது எண்டு இதுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

உண்மையில் அதற்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருந்த சுவரை எடுத்து அங்கே ஒட்டியிருந்தான், அவ்வளவுதான். ஆனால் அன்று காமிலுக்கு மனம் நிறைந்திருந்தது. கூச்சக்காரனுக்கு எப்போதாவது வருகிற பெருமை வந்தது.

"இதுக்கு எல்லாம் தெரியும் ரீச்சர்" என்றான்.

ரீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தப் படத்தில எண்டாலுமோ?" என்று கேட்டார்.

"எந்தப் படத்தில எண்டாலும்."

ஞாயிறு அங்கி யாழ்ப்பாணம் போனது. அடுத்த கிழமை படம் சட்டத்துக்குள் வந்து ஆணியில் ஏறியது. காமிலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சந்தியோகு ஒரு கதிரையில் ஏறி நின்று படத்தை நேராக்கினார், இறங்கிப் பார்த்தார், மறுபடி ஏறினார். நேராக இருந்த படத்தைத்தான் அவர் திரும்பத் திரும்ப நேராக்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். ரீச்சர் தூர நின்று இடப்பக்கத்து மகளையும் வலப்பக்கத்து மகளையும் பார்த்துவிட்டு நடுவில் பார்த்தார்.

"ஒருத்தரையும் மறைக்கேல்லை என்ன?" என்றார்.

"இல்லை ரீச்சர்."

"அப்ப இருக்கட்டும்" என்றார்.

அன்று சோற்றைப் பிசைந்தபடி, இரண்டு நாளாக வைத்திருந்த கருத்தை காமில் வெளியில் விட்டான். இத்தனை வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று நின்று வந்த பழக்கம் அது. பிள்ளைகளுக்கு எழுத்து தெரியவேண்டும் என்று விலகி விலகி, அதுவே ரீச்சராகிவிட்டது. நல்ல ஆசிரியர் என்றால் அப்படித்தான், தான் நடுவில் நிற்காதவர். சொல்லும்போது அது ஒரு கவிதைபோல இருந்தது. சந்தியோகு மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார். ரீச்சர் எழும்பி, குழம்பு எடுத்துவர உள்ளே போனார்.

வாடைக் காற்று தொடங்கிய பிறகு ஒரு நாள் சந்தியோகு ஸ்ரூடியோவுக்கு வந்தார். பகிடி ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து பொலித்தீன் சுற்றிய ஒன்றை எடுத்து, மடியில் வைத்துப் பிரித்தார். பழைய கறுப்பு வெள்ளைப் படம். கோயில் வாசல். வெள்ளை உடுப்பில் ஒரு குடும்பம். நடுவில் ஒரு நெட்டைச் சிறுமி பக்கவாட்டாகக் குனிந்து நின்றாள். இளம் கிறேஸ் என்று காமிலுக்கு உடனே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள். ஒரு வெள்ளைச் சட்டையின் கையும், நாலு விரல்களும், விரல்கள் பிடித்த மெழுகுதிரியும் மட்டும் தெரிந்தன.

"அண்டைக்குக் கழுதையை எடுத்தீரே தம்பி" என்றார் சந்தியோகு. "அதுபோல இந்தப் பெட்டையை எடுத்துவிட்டால் பின்னால நிக்கிற பெடியன் தெரிவானோ எண்டு அவ கேட்டுவரச் சொன்னவ. வெளியிலதான் நிக்கிறா. உள்ள வரக் கூச்சப்படுறா."

காமில் கண்ணாடிக் கதவுக்கூடாகப் பார்த்தான். கடைக்கு வருகிறவர்களுக்கு வழிவிட்டு, வாசலுக்கு ஒரு பக்கமாக ரீச்சர் நின்றிருந்தார்.

"ஆர் அண்ணை இது?"

"அவவின்ர தம்பி எமிலியானுஸ். கோயில்ல முதல்தரம் நற்கருணை வாங்கி, முதல் நன்மை எடுத்த அண்டு எடுத்த படம். மீசை முளைக்கிற வயசில கடலுக்குப் போனவன், வள்ளம் திரும்பி வரேல்லை. அவனுக்கு வேற படம் இல்லை. இது ஒண்டுதான்."

காமில் படத்தைக் கையில் எடுத்தான். சந்தியோகு அவனுடைய விரலைத் தள்ளிவிட்டு, குனிந்து நின்ற சிறுமியின் கையைத் தொட்டுக் காட்டினார்.

"அவன்ர மெழுகுதிரி சரியுதெண்டு நிமித்திவிடப் போனவவாம். அந்த நேரம் பாத்துப் படக்காரன் அமத்திப்போட்டான்."