பூசைக்குத் திறந்த ஜாடி

ஆயுத பூசை என்றாலே எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. சாமி மேல் கோபமில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் மேல்தான்.

பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தேன். அலுமினியம், இரும்பு, குரோமியம், கோபால்ட், நிக்கல் ஐந்தையும் தூளாக எஃகு ஜாடியில் போட்டு, எஃகு உருண்டைகளோடு சுழலவிடுவேன். உருண்டைகள் மோதி மோதித் தூளை நசுக்கும், ஒட்டவைக்கும், உடைக்கும். கடைசியில் ஐந்தும் தனித்தனி உலோகமாக இருக்காது. ஒரே படிக அமைப்புக்குள் அடைபட்டுவிடும். அதை உலையில் சூடாக்கினால் திமிறிக்கொண்டு இன்னொரு அமைப்பு பிரியும். எந்தச் சூட்டில் பிரிகிறது என்பதுதான் என் ஆய்வு. கடைசிச் சோதனைக்கான தூள் அன்று ஜாடிக்குள் இருந்தது. மாதக் கடைசியில் என் பதிவு காலாவதி. நீட்டிக்க வேண்டுமென்றால் அவர் கையெழுத்து வேண்டும்.

அரைத்த தூளுக்குக் காற்று ஆகாது, சூடாக இருந்தால் பட்டதும் பற்றிக்கொள்ளும். ஜாடி நன்றாக ஆறியபின், ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். இது அவருக்கும் தெரியும். ஆனால் பூசையன்று எல்லாக் கருவியையும் நிறுத்தி, கழுவித் துடைத்து, பொட்டு வைப்பது எங்கள் ஆய்வகத்து வழக்கம். அவரே அரவை இயந்திரத்தை நிறுத்தி ஜாடியைக் கழற்றினார்.

"சார், திறக்காதீங்க. இன்னும் ஆறல."

"கழுவாம பூசைக்கு வைப்பாகளா? அம்புட்டு சூடெல்லாம் இல்லம்மா."

மூடியைத் திருகிவிட்டார். தூளின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. பீடி நுனி மாதிரி கனிந்து, விளிம்பை நோக்கி ஓடியது. என்னோடு ஆய்வு செய்த மேலூர்க்காரன் தண்ணீர் வாளியைத் தூக்கினான்.

"தண்ணி ஊத்துன, செத்தோம்டா."

எரியும் உலோகத் தூளில் தண்ணீர் பட்டால் வெடிக்கும். கத்திக்கொண்டே சார் கையிலிருந்த மூடியைப் பிடுங்கி ஜாடியை அமுக்கி மூடினேன். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அவர் சந்தனக் கிண்ணத்தோடு சுவரில் ஒட்டி நின்றார். ஜாடி ஆறியதும் அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

விடுமுறை முடிந்து வந்தவர் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

"மேலதான் கருகிருக்கு. அடியில உள்ளத எடுத்து உலையில வை."

வைத்தேன். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே வரைபடத்தில் பார்த்தால், இருக்கவே கூடாத இடத்தில் ஒரு முகடு. அலுமினியம் காற்றைக் குடித்து ஆக்சைடாகியிருந்தது. எந்த அமைப்பு எங்கே பிரிந்தது என்று இனி அந்தத் தூளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வரைபடத்தை அவரிடம் கொண்டுபோனேன்.

"அது மிஷின் நாய்ஸும்மா. அத எடுத்துட்டு வரைஞ்சிரு."

"நாய்ஸ் இல்ல சார். நீங்க திறந்தது."

மேலூர்க்காரன் இருமினான். நான் நீட்டிப்பு மனுவை மேசையில் வைத்தேன். ஜாடி சூட்டோடு திறக்கப்பட்டதால் சோதனையை மறுபடி செய்ய வேண்டும் என்று காரணம் எழுதியிருந்தேன்.

"யாரு திறந்ததுன்னு போட்ருக்கியா?"

"இன்னும் போடல."

என்னை முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஜாடியில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டு, முதலிலிருந்து அலுமினியத்தை எடை போட ஆரம்பித்தேன்.