நீண்டுபோன டேப்

ஊரே கத்திரியக்கா என்று கூப்பிடும் அந்தத் தையல்காரிக்கு இரண்டு வேலை. பகலில் சட்டை தைப்பது, விடியற்காலையில் கடற்கரையில் ஆமைக்கூடு பார்ப்பது. முதல் வேலைக்குக் கூலி உண்டு. இரண்டாவதற்குக் கால்வலி மட்டும்தான், அதையும் சொந்தச் செலவில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆமைக்குழுவில் ஆறு பேர். தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஆயுசெல்லாம் கதவு எண் பார்த்தே நடந்தவர் என்பதால் ஆமைகளுக்கும் முகவரி எழுதிவைப்பார். முட்டை புதைந்த இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டினால் அவருக்குப் போதாது. கரைப் படிக்கட்டிலிருந்து எவ்வளவு தூரம், தண்ணீர்த்தொட்டித் தூணிலிருந்து எவ்வளவு தூரம் என்று இரண்டு அளவும் நோட்டில் ஏற வேண்டும். குச்சி போனாலும் கான்கிரீட் போகாதாம்.

அப்படியேதான் ஆனது. புயல் அடித்து ஓய்ந்த மூன்றாம் நாள் கரையில் ஒரு கயிறு இல்லை, ஒரு குச்சி இல்லை. படிக்கட்டும் தூணும் மட்டும் நின்றன. நோட்டை வைத்து ஒவ்வொரு கூடாகக் கையால் தோண்டிப் பார்த்தார்கள். முப்பத்தொரு கூடுகளில் இருபதைக் கடல் வாரிக்கொண்டு போயிருந்தது. முட்டைத் தோல்கள் நனைந்த காகிதம் மாதிரி பாசியோடு ஒட்டிக் கிடந்தன. சாவு வீட்டில்கூட ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற கத்திரியக்கா அன்று குனிந்த தலை நிமிராமல் அவற்றைப் பொறுக்கினாள்.

உடைந்த மரமும் தகரமும் அள்ள நகராட்சி டிராக்டர் ஓரமாக உறுமிக்கொண்டு நின்றது. வேலி கட்டிய இடத்தை மட்டும்தான் அது விட்டுவிட்டுப் போகும்.

கடைசியாகப் பார்க்க மிச்சமிருந்தது நோட்டில் இருபத்திரண்டாம் எண் கூடு. அந்த ஆமைக்கு ஒரு துடுப்பு பாதிதான். குழி தோண்ட முடியாமல் தோண்டி, முட்டையிட்டு முடிக்க வெயிலே ஏறிவிட்டது. அதுவரை பக்கத்தில் குந்தியிருந்து நாய்களை விரட்டியவள் கத்திரியக்கா. நோட்டில் இருந்த இடத்தில் இப்போது தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். மணல்தான் வந்தது.

"போச்சும்மா. விடு," என்றார் தபால்காரர். பேனாவைத் திறந்தார்.

அவர் மற்ற கையில் இருந்த, இன்றைக்கு அளந்துவந்த இரும்பு டேப் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. இந்த ஆமை முட்டையிட்ட அன்றைக்கு அதில் மணல் சிக்கி இழுக்க வரவில்லை. தன் தையல் டேப்பைத்தான் மாற்றி மாற்றி வைத்து அளந்தாள். படிக்கட்டிலிருந்து பதினெட்டு டேப் நீளம். அதைத் தபால்காரர் மீட்டராக்கி எழுதிக்கொண்டார்.

பதினைந்து வருடமாக இழுபட்ட துணி டேப் அது. போன வருடம் புதுசு ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பழசு ஒரு அங்குலம் நீளமாக இருந்தது. புதுசுதான் தப்பு என்று அதை டிராயரில் போட்டு மூடியவள் அவள். ஒரு டேப்புக்கு ஒரு அங்குலம் என்றால் பதினெட்டுக்கு ஒரு முழம்! அளவைச் சீட்டில் எழுதி அனுப்புகிறவர்கள் சட்டை மட்டும் ஏன் தொளதொளவென்று இருக்கிறது என்பதற்கும் அதுதான் பதில். ஆனால் அதை நினைத்துச் சிரிக்க அது நேரமில்லை.

"அண்ணே, எழுதாதீங்க. டிராக்டர கொஞ்சம் நிறுத்தி வைங்க. தப்பு என் டேப்புல," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வீட்டோடு சேர்ந்த கடைக்குக் கூரை போயிருந்தது. தூறல் விட்டபாடில்லை. அவள் புருஷன் தையல் மெஷினைத் தார்ப்பாயால் மூடி, கையில் கிடைத்த அந்தப் பழைய டேப்பையே மேலே லேசாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். அவள் அதை அவிழ்ப்பதைப் பார்த்தார்.

"நமக்கே கூரை இல்ல. ஆமைக்கு வீடு தேடப் போறியா?"

"நம்ம வீடு எங்க இருக்குன்னு நமக்குத் தெரியுமுங்க. அதோட வீட்ட நான் தப்பா எழுதிட்டேன்."

அவர் தார்ப்பாயைத் தானே பிடித்துக்கொண்டு, போய்த் தொலை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

கரையில் இரண்டு பக்கமிருந்தும் அதே டேப்பை வைத்து அளந்தாள். பழைய குழியிலிருந்து ஒரு முழம் தள்ளி, கடல் பக்கமாக மண்டியிட்டாள். முழங்கை புதைந்ததும் கை நின்றது. மேலே இருந்த ஏழெட்டு முட்டைகள் கறுத்து, அழுகல் வாடையடித்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அடியில் இருந்தவை வெள்ளையாக, நனையாமல் இருந்தன. புரண்டுவிட்டால் உள்ளே இருப்பது செத்துப்போகும் என்று அவற்றை அசைக்காமல் உள்ளங்கையை மட்டும் மேலே வைத்தாள்.

"உயிர் இருக்காம்மா?"

"தெரியலண்ணே. குளிரா இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

மணலை மூடினார்கள். கயிறு தீர்ந்துபோயிருந்தது. நான்கு குச்சி நட்டு அவள் டேப்பையே சுற்றிக் கட்டினாள். டிராக்டர்காரர் அந்த மஞ்சள் நாடாவைப் பார்த்து வண்டியைத் திருப்பி, சுற்றிக்கொண்டு போனார். சத்தம் தேயும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகுதான் வீட்டு ஞாபகம் வந்து ஓடினாள்.

காற்றுக்குத் தார்ப்பாய் நிற்கவில்லை போலிருக்கிறது. அவள் புருஷன் அதை மெஷின்மேல் இழுத்துப் போர்த்தி, சொட்டச் சொட்ட நனைந்தபடி, இரண்டு கையாலும் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இருந்துச்சா?" என்றார்.