சமையல்காரர் ஸ்த்ராதிஸ் டேங்க் தேர்ந்தெடுத்த வாரம்

இரண்டாயிரத்துப் பதினாலில் கிரேக்கத்தின் கெரட்சினியில் யாரிடமும் காசு இல்லை, பாதிப் பேருக்கு வேலை இல்லை. ஆனால் துறைமுகத்திலிருந்து மேலேறும் தெருவில், த்ராசோஸின் வேப் என்னும் மின்சிகரெட் கடையில் ஒரு நீள மேசை இருந்தது. அதில் கம்பி, பஞ்சு, குறடு, குளிர்ந்த காபி, எள் ஒட்டிய வளைய ரொட்டி எல்லாம் இருந்தன. எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஒன்பது கருத்து கிடைக்கும். நானும் அந்த எட்டில் ஒருவன். அத்தனை சந்தோஷமாக நான் வெட்டியாக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மேசையின் கௌரவ உறுப்பினர் ஸ்த்ராதிஸ். மிதிலினித் தீவுக்காரர். பதினேழு வயதில் கப்பலின் அடுக்களைக்குள் போனவர், நாற்பத்தெட்டு வரை அதை விட்டு முழுதாக வெளியே வரவில்லை. ஒவ்வொரு விரலும் ஒரு கத்தரிக்காய். முப்பத்தோரு வருடம் தினம் இரண்டு பாக்கெட் ஊதிவிட்டு, அந்த மார்ச் மாதம்தான் வேப்புக்கு மாறியிருந்தார். பழைய சிகரெட் முறைப்படியே வாயில் வாங்கி, ருசி பார்ப்பதுபோல் ஒரு கணம் வைத்திருந்து, பிறகு நெஞ்சுக்கு இறக்குவார். நேரே நெஞ்சுக்கு இழுத்துத் தெருவையே புகையால் மறைக்கும் இளவட்டங்களை எங்கள் மேசை மனிதப் பிறவியாகவே ஏற்றுக்கொண்டதில்லை.

ஒரே சிக்கல், இழுப்பது மட்டும்தான் அவர். நிகோடின் திரவம் நிற்கும் டேங்க்கைப் பிரித்து, சூடேறும் கம்பியைக் காயில் என்னும் சுருளாகக் கட்டி, திரவத்தை உறிஞ்ச அதில் பஞ்சு கோத்துத் தருவதெல்லாம் சனிக்கிழமைதோறும் த்ராசோஸ். கல்யாணமான நாளிலிருந்து சட்டைப் பொத்தான் தைக்காத மனிதருக்கு இதில் எந்தக் கூச்சமும் இல்லை.

நவம்பரில் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. இரும்புத்தாதுக் கப்பல், ஏழு மாதம், வெள்ளிக்கிழமை புறப்பாடு. கப்பலில் த்ராசோஸ் கிடையாது. வரியில்லாத சிகரெட் மட்டும் பெட்டி பெட்டியாக உண்டு.

இதில் பெரிய ஆபத்து அவர் மனைவி எவாந்தியாவின் முழங்காலுக்கு. கணவர் சிகரெட்டை விட்டால் தீனோஸ் தீவில் துறையிலிருந்து மாதா கோயில் வரை முழங்காலிலேயே ஏறி வருவதாக வேண்டியிருந்தாள். ஆகஸ்ட் வெயிலில் போய் அதை முடித்தும் விட்டாள். காயம் ஆற வெகுநாள் ஆனது. அக்டோபர் முழுக்க நொண்டினாள் என்று சொன்னால் போதும். இனி அவர் ஒரு சிகரெட்டைத் தொட்டாலும் அந்த உரிந்த தோலெல்லாம் வீண்.

ஆகவே திங்கட்கிழமை மேசை கூடியது. பொருள்: கத்தரிக்காய் விரலால் நடுக்கடலில் தானே கட்டிக்கொள்ளக்கூடிய டேங்க் எது?

லேத் பட்டறையில் ஓய்வு பெற்ற பந்தெலிஸ், மகள் கல்யாண நகையை எடுப்பதுபோல் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். நம் ஊர்க் கைவேலை, இரட்டைக் காயில், கம்பி நுழைய ஊசிக்கண் போல நாலு துளை. ஸ்த்ராதிஸ் தொட்டதும் ஒரு ஸ்க்ரூ துள்ளிக் காணாமல் போனது. எட்டுப் பேரும் மேசைக்கடியில் மண்டியிட்டோம். கடைசியில் ரொட்டியில் ஏதோ மின்னியது.

"பந்தெலிஸ் அண்ணே, இது ஸ்க்ரூவா, எள்ளா?" என்றார் ஸ்த்ராதிஸ்.

"கடிச்சுப் பாரு மாஸ்டர். பல்லு போனா ஸ்க்ரூ."

புதன்கிழமை த்ராசோஸ் வேறொன்று கொண்டுவந்தான். குட்டை, தடி, பார்த்துச் சொக்க எதுவுமில்லை. ஒரே காயில், அகலமான தளம். துளையே இல்லை, காயிலைத் தாங்கும் இரண்டு தூணிலும் பக்கவாட்டில் திறந்த பள்ளம். கம்பியின் முனையைப் படுக்க வைத்து, பருப்பு அளவு ஸ்க்ரூவைத் திருகினால் முடிந்தது. கீழே ஒரு வளையம். திருப்பினால் காற்று சிகரெட் அளவுக்கு இறுகும். திரவம் மேலேயே ஊற்றிக்கொள்ளலாம்.

"இதெல்லாம் ஒரு டேங்க்கா? கட்டிலுக்கு முட்டுக் குடுக்கத்தான் லாயக்கு" என்றார் பந்தெலிஸ்.

ஆனால் ஸ்த்ராதிஸ் பத்தே நிமிடத்தில் காயிலைக் கட்டிவிட்டார். அழகாக இருந்ததால் கண் பட்டுவிடக் கூடாதென்று அனைவரும் முறைப்படி "த்தூ, த்தூ, த்தூ" என்றோம். பஞ்சு கோத்தார், திரவம் ஊற்றினார், இழுத்தார். பஞ்சை இறுக அடைத்ததில் திரவம் ஏறாமல், கருகிய துணியின் நாற்றம். இருமலில் கண்ணீர் வந்தது. மறுபடி கட்டினார், மறுபடி கருகியது. வியாழன் மதியத்துக்குள் ஆறு முறை.

"பஞ்சைக் கொறைங்க மாஸ்டர், கொறைங்கன்னு எத்தன தடவ சொல்றது" என்றான் த்ராசோஸ்.

"முப்பத்தோரு வருஷத்துல என் அடுப்படிலேருந்து எதுவும் பாதி நெறஞ்சு வெளிய போனதில்லடா!"

சொல்லிவிட்டு அவர் குறடைக் கீழே வைத்தார். வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், அங்கே எட்டு மாதமாக இல்லாத பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தது. 

அப்போது எவாந்தியா வந்தாள், பெட்டி கட்ட ஆளைத் தேடி. அவர் ஏழாவது முறையாகப் பஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"யோவ் மனுஷா, அடைச்ச தக்காளி செய்றப்ப உள்ள அரிசிய இப்படியா திணிப்ப?"

"பைத்தியமா உனக்கு? வேகும்போது அரிசி உப்பும். எடம் விடணும்ல."

"அப்ப பஞ்சு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? தண்ணி குடிச்சா அது உப்பாதா?"

ஸ்த்ராதிஸ் பஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பாதியை உருவி எறிந்தார். மிச்சத்தின் வாலைக் கத்தரித்து, தக்காளிக்கு மூடி வைப்பதுபோல் தளத்தில் மெல்லப் படுக்க வைத்தார். இழுத்தார். வாயில் வைத்திருந்தார். அவர் கண்ணை மூடியதும் நாங்கள் மறுபடி துப்பினோம். த்ராசோஸ் உணர்ச்சி மிகுதியில் நிஜமாகவே துப்பிவிட்டான். பந்தெலிஸ் மட்டும் தன் நகையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இப்போது அந்தக் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் இன்னமும் என் கால் தானாகத் தயங்குகிறது. அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் அவர் செய்திக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜனவரியில் பிரேசிலிலிருந்து செய்தி வந்தது. த்ராசோஸ் எழுந்து நின்று படித்தான்.

"சிகரெட் இல்லை. காயில் ஒன்பது கட்டியாயிற்று. வேறு பிரச்சினை வந்திருக்கிறது. நாக்குக்கு ருசி திரும்பிவிட்டது. நான் சமைத்ததை நானே வாயில் வைக்க முடியவில்லை, அத்தனை உப்பு. குறைத்தால் சப்பென்றிருக்கிறதென்று மாலுமிகள் சண்டைக்கு வருகிறார்கள். இத்தனை வருடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

ஒன்பது கருத்து கிளம்புமுன் எவாந்தியாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். முதல் வரியை மட்டும் மூன்று முறை படித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஊருக்கு வந்தா ஞாயித்துக்கெழம அந்தாளுதான் சமைப்பாரு. இருபத்திரெண்டு வருஷமா 'நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டு, கொல்லப்பக்கம் போயி ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிட்டு வருவேன். போட்டுக் குடுத்துறாதீங்கப்பா."