திமிங்கலத்தின் வயிற்றுக்குள் சாக்பீஸ் சத்தம்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. நான் வெல்டர். வருஷக்கணக்காக நெருப்போடு மல்லுக்கட்டுகிறவள். நிழலைப் பார்த்து அலறுகிற ரகம் இல்லை. இது எனக்கு நடந்தது. என் வீட்டுக்காரரும் கூடவே இருந்தார்.

நகரத்துப் பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாட ஒரு திமிங்கலம் செய்யச் சொன்னார்கள். எல்லாம் பழைய இரும்பு. கார் கதவுகள்தான் தோல். சைக்கிள் ரிம்கள்தான் கண்கள். வயிற்றுக்கு, ஆள் நிற்கிற உயரத்தில் ஒரு பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டி.

கேட்டதும் ஒத்துக்கொண்டேன். காரணம் எங்கள் மகள். பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு முந்தின வருஷம், வேறொரு பூங்காவில் சறுக்குமரத்துத் தகரம் அவள் காலைக் கிழித்தது. நகக்கண் அளவு காயம். மருந்து போட்டோம், சிரித்துக்கொண்டு ஓடினாள். பிறகு காய்ச்சல் வந்தது. ஒரே வாரத்தில் போய்விட்டாள். ஐந்து வயது. இந்தத் திமிங்கலம் எந்தப் பிள்ளையையும் கீறக் கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கிரைண்டரால் ராவி முடித்ததும் கையில் பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு இரும்பு முழுக்கத் தடவுவோம். நூல் மாட்டுகிற இடத்தில் பிசிறு இருக்கிறது என்று அர்த்தம். அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, மறுபடி ராவி, வட்டத்தை அழித்துவிடுவோம். பட்டறையில் வட்டம் போடுவது பொடிசின் வேலை. பெரிய மேஸ்திரி என்று நினைப்பு அவளுக்கு. ஆனால் வட்டம் ஒழுங்காக முடியாது. கடைசியில் ஒரு வால் நீளும், தலைப்பிரட்டை மாதிரி.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள். சாயங்காலம் ஆறேகால். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிட்டார். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டேன். துணி எங்கேயும் மாட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

திமிங்கலத்தின் துடுப்பில் ஒரு வட்டம் இருந்தது.

"நீங்க போட்டீங்களா?"

"நான் இன்னும் சாக்பீஸையே தொடல."

துணியை வைத்துத் தடவினேன். நூல் மாட்டியது. ராவினேன். அழித்தேன். நிமிர்ந்தால்... வாய்க்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம். என் இடுப்பு உயரத்தில். வால் நீண்டிருந்தது.

அவர் பூட்டின கேட்டைத் திரும்பிப் பார்த்தார். "வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளை யாராவது..."

"அவருக்குப் பிள்ளையே இல்லைங்க."

ஒன்றன் பின் ஒன்றாக வட்டங்கள். எந்த வட்டமும் பொய் இல்லை. என் துணி தவறவிட்ட பிசிறு ஒவ்வொன்றும் அதற்குள் இருந்தது. அழுதுகொண்டே ராவினேன். கடைசி வட்டத்தையும் அழித்துவிட்டு கிரைண்டரை நிறுத்தினேன்.

அமைதி.

அப்போது...

க்ரீச்...

சாக்பீஸ் இரும்பில் உரசுகிற சத்தம். தொட்டிக்குள்ளிருந்து.

அந்தத் தொட்டியைச் சுற்றிலும் வெல்டிங் வைத்து மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது. எறும்பு நுழைய வழியில்லை.

க்ரீச்... க்ரீச்...

"பொடிசு?"

சத்தம் நின்றது.

காதை ஒட்டவைத்தேன்.

உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"வெட்டுங்க! இப்பவே திறங்க!"

"காத்து சத்தம்மா அது... விடியறதுக்குள்ள எப்படித் திரும்ப மூடுவோம்? வா, வீட்டுக்குப் போகலாம்." சொல்லும்போதே அவரும் அழுதுகொண்டிருந்தார். வாட்ச்மேன் வந்து எங்களை எழுப்பும்வரை இரும்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி சத்தமே வரவில்லை.

நாலு வருஷம் ஓடிவிட்டது. அந்தத் திமிங்கலத்திலிருந்து விழுந்த பிள்ளைகள் உண்டு. கீறல் பட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. போன மாதம் அடிப்பக்கம் துருப்பிடித்துவிட்டது என்று எங்களைக் கூப்பிட்டார்கள். பட்டப்பகலில் தொட்டியை வெட்டித் திறந்தோம். டார்ச்சை எடுத்துக்கொண்டு நான்தான் உள்ளே போனேன்.

சுவர் முழுக்க வட்டங்கள். எல்லாவற்றுக்கும் வால் இருந்தது. கீழ் வரிசை என் இடுப்பு உயரத்தில். அதற்கு மேலே ஒரு வரிசை. அதற்கும் மேலே இன்னொன்று. கடைசி வரிசை என் தோள் உயரத்தில் இருந்தது. பொடிசோடு விளையாடிய, அவள் வயதேயான பக்கத்து வீட்டுப் பெண் இப்போது என் தோள் உயரம்.

துணியைச் சுற்றிக்கொண்டு தடவினேன். ஒவ்வொரு வட்டத்திலும் நூல் மாட்டியது. வெளிப்பக்கத்தை அவ்வளவு பார்த்துப் பார்த்து ராவின நாங்கள் உள்பக்கத்தைத் தொடவே இல்லை. உள்ளே யார் இருக்கப் போகிறார்கள் என்று அப்படியே மூடிவிட்டோம்.